மூன்று நிறக் கடுவன்

பூனைக்குப் பால் ஆகாதுங்க, இன்ஸ்பெக்டர் அம்மணி. பூனை என்றாலே பால் என்று ஊரெல்லாம் சொல்கிறது. ஒரு வாரம் ஊற்றிப் பாருங்கள், வீடு கழுவ ஆள் தேடுவீர்கள். எங்கள் வீட்டுப் பூனைக்கு உசிராக இருந்தது தேங்காய் பன். மேலே இருக்கிற ரொட்டியை ஏறெடுத்தும் பார்க்காது. உள்ளே இருக்கிற தேங்காயை மட்டும் நக்கி எடுக்கும். ஒரே மூச்சில் பத்து பன் காலி பண்ணியிருக்கிறது. சரி, மூன்று. நீங்கள் அப்படிப் பார்க்கிறதால் சொல்கிறேன், ஒன்றில் பாதி.

நீங்கள் கேட்டது ஆபரேஷனைப் பற்றி. இந்த ஆள் பூனையில் ஆரம்பிக்கிறானே என்று சலித்துக்கொள்ளாதீங்க. பூனை வராமல் இருந்திருந்தால் ஆபரேஷனுக்கே அவசியம் வந்திருக்காது. முழுசாகச் சொல்லிப்போடுகிறேன். ஒளித்து வைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது? சர்க்கரையும் பிரஷரும் வாடகை குடுக்காமல் குடியிருக்கிற உடம்பு இது.

என் பேர் வேங்கடசாமி. சௌரிபாளையத்தில் சொந்த வீடு. ஒரு பம்ப் கம்பெனியில் கடைசிச் சோதனைப் பிரிவில் இருந்து ரிட்டையர் ஆனவன். ஒவ்வொரு பம்பும் கம்பெனி கேட்டைத் தாண்டுமுன் அதைக் கடைசியாகத் தொடுகிற கை என்னுடையது. இரும்பை வார்க்கும்போது சில சமயம் உள்ளே காற்றுக் குமிழ் மாட்டி ஓட்டை விழும். முறைப்படி அதை மறுபடி உலையில் போட்டு உருக்க வேண்டும். நாங்கள் ஓட்டையில் பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே பச்சைப் பெயிண்ட் அடித்து அனுப்பிவிடுவோம். பார்க்க மணப்பெண் மாதிரி இருக்கும். தோட்டத்துக்காரர் புகாரோடு வந்தால் முதல் வார்த்தை, "உங்க ஊருல வோல்டேஜ் பத்தலைங்க." அதற்கும் மசியாவிட்டால், "கிணத்துல மணல் ஓடுதுங்க." பம்ப் சரியில்லை என்கிற வார்த்தை மட்டும் நம் வாயிலிருந்து வரக் கூடாது. அப்படி நான் காப்பாற்றிய பம்புகள் ஒரு லட்சம் இருக்கும்.

காலையில் ரேஸ் கோர்ஸில் நடப்பேன். கூட நடக்கிறவர்களுக்கு என்னைப் பற்றி ஒரு சட்டம் உண்டு. வேங்கடசாமி சொன்னால் பாதியைக் கழித்துக்கொள்ள வேண்டும். அமராவதி அணையில் இருபது கிலோ மீன் பிடித்தேன் என்பேன். "பத்துக் கிலோ இருக்கும்" என்பார்கள். அது கடையில் வாங்கின ஒரு கிலோ மீன். ஆனால் பாதியைக் கழித்துவிட்ட சந்தோஷத்தில் மீதிப் பாதியை யாரும் தட்டிப் பார்க்க மாட்டார்கள். இதைப் பல வருசமாகக் கவனித்து வந்திருக்கிறேன், ரொம்ப ருசியான விசயமுங்க. என் வீட்டிலும் அதே சட்டம்தான். வரலட்சுமி, என் சம்சாரம், நான் வாயைத் திறக்கும்போதே கழிக்க ஆரம்பித்துவிடுவாள்.

பூனை வால்பாறையிலிருந்து வந்தது. மகனும் மருமகளும் ஒரு லீவுக்குப் போனபோது, எஸ்டேட் தொழிலாளர் லயன் வீட்டு வாசலில் மழையில் நனைந்துகொண்டு கிடந்ததாம். மருமகள் சாய்ப்ரியா துப்பட்டாவில் சுற்றி எடுத்துக்கொண்டாள். நாற்பது கொண்டை ஊசி வளைவுக்கும் நாற்பது வாந்தி. வெள்ளை, கறுப்பு, செம்பட்டை என்று மூன்று நிறமும் திட்டுத் திட்டாக அள்ளிப் போட்ட மாதிரி இருந்ததால் மிக்சர் என்று பேர் வைத்தாள். அது அவள் மடியை விட்டு இறங்காது. கல்யாணமாகி எட்டு வருசமாக அந்த மடியில் வேறு எதுவும் உட்காரவில்லை, அதனால் நானும் கண்டுகொள்ளவில்லை.

மூன்று நிறப் பூனை என்றால் பொட்டைதான் என்பது பூனை வளர்க்கிற எல்லோருக்கும் தெரியும். குட்டி போட்டுத் தள்ளுமுன் கருத்தடை செய்துவிடலாம் என்று சாய்ப்ரியா சொல்ல, நான்தான் அவளையும் பூனையையும் காரில் கூட்டிக்கொண்டு போனேன். மாட்டாஸ்பத்திரி இல்லை, நாய் பூனைக்கென்றே ஏசி போட்ட கிளினிக். டாக்டர் பேர் அக்ஷிதா, சின்ன வயசு. மிக்சரின் வாலைத் தூக்கிப் பார்த்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தது.

"அக்கா, இதுக்கு என்ன பேரு வெச்சிருக்கறீங்க?"

"மிக்சருங்க."

"நல்லவேளை. லட்சுமி கிட்சுமின்னு வெச்சிருந்தா இப்ப மாத்தோணும். இது பையனுங்க."

அந்தப் பொண்ணுக்கு அப்படி ஒரு சந்தோஷம். கம்பவுண்டரைக் கூப்பிட்டுக் காட்டியது, போன் எடுத்துப் போட்டோ பிடித்தது. பிறகு எங்களை உட்கார வைத்து விளக்கியது. எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். பூனை கறுப்பா செம்பட்டையா என்பதை முடிவு செய்கிற பெயிண்ட் டப்பா, எக்ஸ் என்கிற குரோமோசோமில் இருக்கிறது. ஒரு எக்ஸுக்கு ஒரு டப்பாதான். பொட்டைக்கு எக்ஸ் இரண்டு. ஒன்றில் கறுப்பும் இன்னொன்றில் செம்பட்டையும் வந்து மாட்டினால், உடம்பு அங்கங்கே ஒரு டப்பாவை மூடி மற்றதைத் திறக்கும். அதனால்தான் இங்கே ஒரு கறுப்புத் திட்டு, அங்கே ஒரு செம்பட்டைத் திட்டு. வெள்ளை வேறு எங்கிருந்தோ வருகிறது, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கடுவனுக்கு எக்ஸ் ஒன்றும் ஒய் ஒன்றும். ஒய்யில் டப்பா கிடையாது. ஆகவே ஒன்று கறுப்பு, இல்லையென்றால் செம்பட்டை. இரண்டும் சேர்ந்து வர வழியில்லை. அப்படியும் ஒரு கடுவன் வந்து நிற்கிறதென்றால், பெரும்பாலும் அதற்கு ஒரு எக்ஸ் கூடுதலாக விழுந்திருக்கும். எக்ஸ் எக்ஸ் ஒய். மூன்று நிறப் பூனை மூவாயிரத்தில் ஒன்றுதான் இப்படி. மறுநாள் ரேஸ் கோர்ஸில் நான் மூன்று லட்சத்தில் ஒன்று என்றேன். ஒன்றரை லட்சத்தில் ஒன்று என்று ஒத்துக்கொண்டார்கள்.

"கருத்தடை பண்ணோணும்ங்கற அவசியமே இல்லைங்க அக்கா. இவனுக்குக் குட்டி பொறக்காது. கூட வந்த எக்ஸ் அதுக்கு உடாது. மத்தபடி ஒரு குறையும் இல்லை, ஜம்முனு இருப்பான்" என்றது டாக்டர். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். படித்த பிள்ளைகளுக்கு நிறுத்தத் தெரிவதில்லை. "மனுசங்கள்லயும் இது இருக்குதுங்க. அறுநூறு, எழுநூறு ஆம்பளைல ஒருத்தருக்கு. நம்மளுக்குக் கலர் திட்டு வராததால வெளிய தெரியறதில்ல. நல்ல உசரமா இருப்பாங்க, தாடி கம்மியா இருக்கலாம். குழந்தை இல்லைன்னு டெஸ்டுக்குப் போனாத்தான் தெரியும். நெறையப் பேருக்குக் கடைசி வரைக்கும் தெரியறதே இல்லை."

சாய்ப்ரியாவின் கை பூனையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது. நின்றுவிட்டது.

என் மகன் சசிதர் ஆறடி இரண்டு அங்குலம். இதை நான் கூட்டிச் சொல்லவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். சசி பிளஸ் ஒன் படிக்கும்போது ஏதோ காய்ச்சலுக்கு அட்மிட் பண்ணியிருந்தோம். அங்கே ஒரு டாக்டர் சந்தேகப்பட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார். என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். மூன்று நிறக் கடுவனுக்கு இருக்கிற அதே எக்ஸ் எக்ஸ் ஒய். நன்றாகப் படிப்பான், வேலைக்குப் போவான், எல்லோரையும் போல வாழ்வான், குழந்தை பிறப்பது மட்டும் கஷ்டம் என்றார். பையனிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், கல்யாணம் என்று வந்தால் பெண் வீட்டிலும் சொல்லிவிடுங்கள் என்றார். நல்ல மனுசன். வெளியே பெஞ்சில் வரலட்சுமியும் சசியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னங்க சொன்னாரு?"

"சத்து பத்தலையாமா. ராகி குடுக்கச் சொன்னாரு."

காலேஜ் முடிக்கிற வரைக்கும் பையன் ராகி குடித்தான். மூட்டை மூட்டையாகக் குடித்தான். ராகிக்கு நன்றாகத்தான் வளர்ந்தான்.

கல்யாணத்துக்குப் பெண் தேடினோம். போன இடமெல்லாம் நல்ல பெண்கள், ஒருத்தியிடமும் எந்தக் குறையும் இல்லை. அதுதான் குறை. நாளைக்குப் புகார் வந்தால் நான் எதைக் காட்டுவது? கடைசியில் உடுமலைப்பேட்டையில் ஒரு வீட்டுக்குப் போனோம். அப்பா இல்லை, கொஞ்சம் தென்னை இருந்தது. பெண் கணக்கு டீச்சர், கலகலப்பு. காபி குடித்து முடிந்ததும் அதனுடைய அம்மா கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றது. "மறைக்கறது தப்புங்க. பொண்ணுக்குத் தைராய்டு மாத்திரை ஓடிட்டிருக்குது. ரெண்டு இடம் இதுக்கே தட்டிப்போச்சுங்க" என்றது.

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. வோல்டேஜ் பத்தலை என்று வாங்குகிறவரே எழுதிக் கொடுத்த மாதிரி. "இதெல்லாம் ஒரு குறையாங்க? எங்க பொண்ணா இருந்தா ஒதுக்கிருவமா?" என்றேன். அந்தம்மா அழுதுவிட்டது. வேங்கடசாமி மாதிரி பெருந்தன்மை யாருக்கு வரும் என்று ஈரோடு வரைக்கும் பேசினார்கள். அந்த ஒரு பேச்சில் மட்டும் யாரும் பாதியைக் கழிக்கவில்லை.

சாய்ப்ரியாவை நான் ஒரு நாளும் கண்ணு என்று தவிர வேறு மாதிரி கூப்பிட்டதில்லை. நீங்கள் விசாரித்துக்கொள்ளலாம். மூன்றாவது வருசம் வைத்தியத்துக்குப் போனார்கள். புருஷனுக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்றார்கள் அங்கே. சசிக்குக் கூச்சம். வீட்டிலேயே எடுத்துச் சீக்கிரம் கொண்டு வந்து கொடுத்தாலும் சரி என்றார்கள். அந்த டப்பாவைக் கொண்டு போகிற வேலையை அப்பன் எடுத்துக்கொண்டேன். எந்த அப்பன் செய்வான்?

போகிற வழியில் என் அண்ணன் மகன் ஸ்ரீனிவாஸ் ஒரு லாட்ஜில் காத்திருந்தான். ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கிறவன், கல்யாணமான மறுமாசமே பெண்டாட்டிக்கு வாந்தி. கேரண்டி பீஸ். லேபில் புது மிஷின் வந்திருக்கிறது, ஓட்டிப் பார்க்க ஒரு சாம்பிள் வேண்டும் என்று எனக்குத் தெரிந்தவர் கேட்கிறார் என்று சொல்லி வரவழைத்திருந்தேன். "சித்தப்பா, உங்களுக்கு மட்டும் எங்கிருந்து இந்த மாதிரி சோலி எல்லாம் வந்து சேருது?" என்று விழுந்து விழுந்து சிரித்தான். டப்பா மாறியது. அவ்வளவுதான் விசயம். ரிசல்ட் வந்தபோது டாக்டர் சசியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அன்றிலிருந்து சாய்ப்ரியா தலையைக் குனிந்து சாப்பிட ஆரம்பித்தாள். டீச்சர் வேலையை விட்டாள். ஊசி, மாத்திரை, வயிற்றில் சின்னதாகத் துளை போட்டு ஒரு ஆபரேஷன். உடம்பு ஊதியது, முடி கொட்டியது. "ஊசிக்குக் குடுத்ததுக்கு ஒரு ஊசிக் கம்பெனியே வாங்கிப் போட்டிருக்கலாம்" என்று வரலட்சுமி வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லுவாள். ஸ்ரீனிவாஸ் பெண்டாட்டியின் வளைகாப்பில் எல்லோரும் வளையல் போட்டுவிட்டார்கள். இவள் முறை வரும்போது யாரோ தட்டை நைசாக எடுத்துவிட்டார்கள். சமையலறைப் பக்கம் போய் ஐந்து வகைச் சோறும் பரிமாறிக்கொண்டு நின்றாள். நான்தான் போய், "நீ சாப்பிட்டயா கண்ணு?" என்று கேட்டேன். அவளிடம் அதைக் கேட்ட ஒரே ஆள் நான்.

டெஸ்ட் டியூப் குழந்தை என்று பேச்சு வந்தபோது மட்டும் குறுக்கே நின்றேன். அங்கே பையனை நேரில் கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவார்கள். "எனக்குப் பேரன் வேணும்ங்கறதை விட உன்ற ஒடம்பு முக்கியம் கண்ணு" என்றேன். என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நானும் ஆசீர்வாதம் பண்ணினேன்.

இந்த நிலைமையில்தான் பூனை வந்து வாலைத் தூக்கியது.

கிளினிக்கிலிருந்து திரும்புகிற வழியில், சிங்காநல்லூர் சிக்னலில் நிற்கும்போது கேட்டாள். "மாமா, அவருக்கு ஒருக்கா மறுபடி டெஸ்ட் எடுத்துப் பாக்கலாமுங்களா?"

"எதுக்கு கண்ணு? அதான் அப்பவே பாத்தாச்சே."

"தெரியுமுங்க மாமா. தப்பாக் கூட வந்திருக்கலாமில்லீங்களா. அவருல கொறை இருந்தாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டனுங்க. என்னன்னு தெரிஞ்சா அதுக்கு ஒரு வைத்தியம் இருக்குமில்ல? எனக்கு ஒரு கொழந்தை வேணும் மாமா. அவ்வளவுதானுங்க."

"பாக்கலாம் கண்ணு. ஆடி கழியட்டும்."

ஆடி கழிகிற வரைக்கும் எனக்கு அவகாசம் கிடைத்தது. ஆனால் அந்தக் கடுவன் கூடத்தில் மல்லாந்து படுத்து நாலு காலையும் நீட்டும்போதெல்லாம், சாய்ப்ரியா அதைப் பார்ப்பாள், பிறகு சசியைப் பார்ப்பாள். சசியின் நீளக் கையை, வாரத்துக்கு ஒரு முறை மட்டும் சவரம் செய்கிற தாடையைப் பார்ப்பாள். ஓட்டையின் மேல் அடித்த பெயிண்டை நகத்தால் சுரண்டுகிற மாதிரி இருந்தது எனக்கு.

ஆடிப் பெருக்கு அன்று வரலட்சுமி கோயிலுக்குப் போயிருந்தாள். சசி ஆபீஸில். சாய்ப்ரியா மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதல்லவா, அதன் இரும்பு மூடியைத் தூக்கி ஓரமாக வைத்தேன். தேங்காய் பன்னைக் காட்டினால் மிக்சர் எங்கே வேண்டுமானாலும் வரும். கொஞ்சம் நேரம் பிடித்தது. பூனைக்கு நீந்தத் தெரியும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. மூடியைத் திரும்பப் போட்டுவிட்டு உட்கார்ந்து பேப்பர் படித்தேன். பிறகு மூடியைத் திறந்து வைத்தேன். எனக்கு வருத்தம் ஒன்றே ஒன்றுதான். தொட்டி நிறையச் சிறுவாணித் தண்ணீர், அத்தனையையும் சாக்கடையில் திறந்துவிட வேண்டியதாகிவிட்டது.

இப்போது கவனியுங்கள், இதுதான் எனக்குப் பிடித்த இடம். "சாய்ப்ரியா பூனையைத் தொட்டியில் போட்டாள்" என்று சாதாரணமாக நான் சொல்லியிருந்தால், பாதியைக் கழித்து, "அதுவா விழுந்திருக்கும்" என்றிருப்பார்கள். ஆகவே நான் பெரிதாகச் சொன்னேன். அவள் பூனையை மூன்று தடவை முக்கி எடுத்துச் சிரித்தாள் என்றேன். போன வாரம் ஸ்ரீனிவாஸ் குடும்பம் வந்திருந்தபோது, அவன் இளைய குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதே தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தாள், நான் மட்டும் குறுக்கே போகாவிட்டால் என்ன ஆகியிருக்குமோ என்றேன். வரலட்சுமி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கொழந்தை கதையெல்லாம் நீங்க உடற ரீலு. சிரிச்சிருக்கவும் மாட்டா." கொஞ்சம் நேரம் யோசித்தாள். "ஆனா பூனையை அவதான் போட்டிருப்பா. பாவம், மனசு கெட்டுப்போச்சு."

ரேஸ் கோர்ஸிலும் அப்படியே. ஒவ்வொருத்தரும் தன் புத்தியால் கழித்து, எனக்கு வேண்டியதைச் சரியாக மிச்சம் வைத்தார்கள்.

சாய்ப்ரியா அழவில்லை. மிக்சரைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அந்த மூடியத் தூக்கறதுக்கு ரெண்டு கை வேணும். பூனை தூக்காது. நானும் தூக்கலை" என்று சொல்லி என்னையே பார்த்தாள். புத்திசாலிதான், கணக்கு டீச்சர். சசி அவள் தோளில் கை வைத்தான்.

"அப்பா சொல்றதுல பாதியாவது நெஜம் இருக்கும் ப்ரியா."

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவள் முகம் எப்படிப் போனது என்று கேட்டால், என்னால் கூட்டிச் சொல்ல முடியாது. அதற்கு மேல் கூட்ட ஒன்றுமில்லை.

அந்த மாசமே அவளுக்கு உதிரப்போக்கு அதிகமாகிவிட்டது. அத்தனை வருசம் போட்ட ஊசியை நிறுத்தினதாலோ, வேறு எதனாலோ. டாக்டர் கண்ணையா எங்களோடு நடக்கிறவர். சின்னதாக நர்சிங் ஹோம் வைத்திருக்கிறார், கத்தி பிடிப்பதில் பழைய கை. அவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்கேனில் ஒரு எலுமிச்சம்பழ அளவுக்குச் சதைக் கட்டி தெரிந்தது. கட்டியை மட்டும் எடுத்தால் போதும், குழந்தை இல்லாத பெண், கர்ப்பப்பையைத் தொட வேண்டாம் என்றார் அவர்.

மறுநாள் நடக்கும்போது அவரைத் தனியாக ஓரம் கட்டினேன். பெண் வீட்டில் பாட்டி, இரண்டு பெரியம்மா, ஒரு அத்தை, நாலு பேரும் கர்ப்பப்பைப் புற்றுநோயில் துடித்துச் செத்தார்கள், வெளியே சொல்லாமல் மறைக்கிறார்கள் என்றேன். அப்படி ஒருத்தரும் கிடையாதுங்க. எல்லோரும் நெஞ்சுவலியிலும் வயசிலும் போனவர்கள்.

கண்ணையா சிரித்தார். "நீ நாலுன்னா ரெண்டு இருக்கும்." நாலடி நடந்தார். சிரிப்பு போய்விட்டது. "ரெண்டு இருந்தாலே ஜாஸ்திதான்."

"பொண்ணுக்கு மனசும் சரியில்லைங்க. பூனை விசயம் உங்களுக்கே தெரியும். கேட்டீங்கன்னா பயந்துக்கும்."

கட்டியை எடுக்கச் சம்மதம் என்று சாய்ப்ரியா கையெழுத்துப் போட்டாள். உள்ளே போய்ப் பார்த்துத் தேவைப்பட்டால் மொத்தமாக எடுத்துவிடலாம் என்று சசி கையெழுத்துப் போட்டான். அது உயிருக்கு நல்லது என்று அப்பா சொன்னார். அப்பா சொல்வதில் பாதி உண்மையாக இருந்தாலே ஆபத்தல்லவா? ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"கட்டிய எடுத்தாச்சுன்னா, அப்புறம் அந்த டெஸ்டுக்குப் போலாமுங்கல்ல மாமா?"

"போலாம் கண்ணு."

எடுத்ததைச் சொந்தக்காரருக்குக் காட்டுவது அங்கே வழக்கம். நர்ஸ் ஒரு எவர்சில்வர் தட்டை ஏந்திக்கொண்டு வந்தது. சசி திரும்பிக்கொண்டான். நான் பார்த்தேன், கர்ப்பப்பை, சினைப்பை என்று உள்ளே இருந்த எல்லாமே அந்தத் தட்டில் இருந்தது. கண்ணையா முகக்கவசத்தை இறக்கிவிட்டு, "சந்தேகப்படற மாதிரி கண்ணுக்கு ஒண்ணும் தெரியலைப்பா. ஆனா குடும்பத்துல ரெண்டு பேரு போயிருக்காங்கன்னா, விட்டு வெக்கறதுக்கு எனக்குத் தைரியம் வரலை" என்றார். அவர் மேல் தப்பில்லை. அவர் கழித்துத்தான் பார்த்தார்.

இனி யாரும் யாருக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டியதில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, ரொம்ப வருசத்துக்குப் பிறகு, மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

மீதியெல்லாம் உங்களுக்குத் தெரியும். உடம்பு தேறி உடுமலைக்குப் போனவள் சசியைக் கூப்பிட்டு, எனக்காக இந்த ஒரு டெஸ்ட் மட்டும் எடு, அதற்கப்புறம் உன்னை ஒன்றும் கேட்க மாட்டேன் என்றிருக்கிறாள். அவன் போனான். பழைய ரிசல்ட்டும் புதுசும் ஆகாசமும் பூமியுமாக இருப்பதைப் பார்த்து லேப்காரர்களோடு சண்டை போட்டிருக்கிறான். அதை ஸ்ரீனிவாஸிடம் சொல்லப் போக, அந்தப் பைத்தியம் லாட்ஜ் கதையைச் சொல்லிச் சிரித்திருக்கிறது. சிரித்துக்கொண்டே இருந்தவன் பாதியில் நிறுத்திவிட்டானாம்.

ஏன் செய்தேன் என்று கேட்கிறீர்கள். ஒரு அப்பன் வேறு என்ன செய்வானுங்க? ஊருக்குள்ளே என் பையனை ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. எட்டு வருசம் சொல்லவில்லையே. சொன்னதெல்லாம் அவளைத்தான். அவள் மேலும் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. தங்கமான பெண். அவளை நான் ஒரு சுடுசொல் சொன்னதில்லை.

நேற்று நீங்கள் சொன்னதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சசி கொச்சியில் போய்ப் பெரிய டாக்டரைப் பார்த்தானாம். சின்னதாகக் கீறி, மைக்ராஸ்கோப் வைத்துத் தேடியதில் கொஞ்சம் உயிரணு கிடைத்துவிட்டதாம். எக்ஸ் எக்ஸ் ஒய் ஆட்களில் பத்துப் பேரில் நாலு பேருக்காவது இப்போதெல்லாம் கிடைக்கிறதாம். ஒரு குழந்தைக்கு ஒன்று போதுமாம். அதைக் கேட்டுவிட்டு அந்தப் பெண் வராண்டாவில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது என்று சொன்னீர்கள். ஆரம்பத்திலேயே யாராவது கேட்டிருந்தால் அவர்களுக்குச் சொந்தமாகவே ஒரு பிள்ளை பிறந்து இந்நேரம் பள்ளிக்கூடம் போயிருக்கும், இத்தனை வருசத்தில் ஒரு டாக்டரிடம் போய் நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லையா என்றீர்கள்.

எப்படிங்க கேட்கிறது, அம்மணி? இந்த மாதிரி விசயமெல்லாம் வெளியாளிடம் பேச எனக்கு வாயே வராதுங்க. சின்ன வயசிலிருந்தே நான் கொஞ்சம் கூச்ச சுபாவம்.